ஊருக்குப் போனால் சாறு குடிக்கலாம், ஐஸ் இல்லாமல்

வெளிநாட்டிலிருந்து ஊருக்குப் போகும்போது, வெயிலில் நடந்து களைத்த பிள்ளைகள் பழச்சாறு வண்டியைக் கண்டால் கையைப் பிடித்து இழுப்பார்கள். குடிக்கவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். எதைக் கவனித்துக் குடிப்பது என்று தெரிந்தால் போதும்.

நாம் பழத்தைத்தான் உற்றுப் பார்க்கிறோம். ஆனால் ஆபத்து அதிகம் வருவது தண்ணீரிலிருந்து, அதிலும் ஐஸிலிருந்து. உறைய வைத்தால் கிருமி செத்துவிடும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதுண்டு. அது சரியில்லை. பல கிருமிகள் குளிரில் பெருகாமல் கிடக்கும். கிளாஸில் ஐஸ் கரைந்ததும் உயிரோடு வயிற்றுக்குள் போகும். அந்த ஐஸ் எந்தத் தண்ணீரில் செய்தது, எந்தத் தரையில் வைத்து உடைத்தது என்பது விற்பவருக்கே தெரியாமல் இருக்கலாம். அதனால் தயங்காமல் கேளுங்கள்: "அண்ணா, ஐஸும் தண்ணியும் சேர்க்காம, இப்பவே பிழிஞ்சு குடுங்க."

அப்புறம் கிளாஸ் கழுவும் வாளியைப் பாருங்கள். ஒரே வாளித் தண்ணீரில் நாள் முழுக்க முக்கி எடுக்கிறார்கள் என்றால் உங்கள் போத்தலை நீட்டி அதில் ஊற்றச் சொல்லுங்கள். கத்தி, மிக்ஸி ஜார், வடிகட்டி மூன்றும் அந்த வாளியில்தான் கழுவப்படுகின்றன என்றால் அந்த வண்டியை விட்டு நகர்ந்துவிடுவது நல்லது.

வெட்டி வைத்த பழமும் ஜக்கில் நிறைத்து வைத்த சாறும் வேண்டாம். 32 டிகிரிக்கு மேல் வெயில் அடிக்கும்போது ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருந்ததைத் தொடாதீர்கள். தர்பூசணி, பப்பாளி போன்றவற்றில் புளிப்பு குறைவு. கிருமி வேகமாகப் பெருகும். எலுமிச்சை, ஆரஞ்சில் வேகம் குறையும், ஆனால் புளிப்பை மட்டும் நம்ப முடியாது. 1999-இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் பாஸ்டரைஸ் செய்யாத, அதாவது கிருமி சாகும்படி சூடாக்காத ஆரஞ்சுச் சாறு குடித்த 200-க்கும் மேற்பட்டோருக்கு சால்மொனெல்லா என்ற கிருமியின் தொற்று வந்தது. அப்படிச் சூடாக்காத சாற்றுக்கு எந்த நாட்டிலும் இந்த ஆபத்து உண்டு.

"நாங்கள் குடித்து வளர்ந்ததுதானே" என்று உறவினர்கள் அன்போடு ஊற்றிக் கொடுப்பார்கள். வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளின் உடலுக்கு அந்தக் கிருமிகள் புதியவை. ஏன், பல வருடம் கழித்துப் போகும் உங்களுக்கும் பழைய தாங்குசக்தி இருக்கும் என்று எண்ண வேண்டாம். டைபாய்டு, ஹெபடைடிஸ் ஏ (கல்லீரலைத் தாக்கும் தொற்று) தடுப்பூசிகளைப் பற்றிப் பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே மருத்துவரிடம் பேசுங்கள். டைபாய்டு ஊசியைக் குறைந்தது 2 வாரம் முன்பே போட வேண்டும். அதுவும் முழுப் பாதுகாப்பு தராது.

வயிற்றுப்போக்கு வந்தால் முதல் வேலை நீரிழப்பைத் தடுப்பது. தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்பு-சர்க்கரைப் பொடியான ஓ.ஆர்.எஸ். பொட்டலம் பையில் இருக்கட்டும். இல்லையென்றால் கொதித்து ஆறிய 1 லிட்டர் தண்ணீரில் 6 தட்டைத் தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். காய்ச்சல் இருந்தாலோ, மலத்தில் இரத்தம் தெரிந்தாலோ, பிள்ளை சோர்ந்து சிறுநீர் குறைந்தாலோ உடனே மருத்துவரிடம் போய்விடுங்கள்.

திரும்பி வந்த பிறகும் கவனம் வேண்டும். டைபாய்டு வெளிப்படப் பெரும்பாலும் 1 முதல் 3 வாரம் ஆகும். ஹெபடைடிஸ் ஏ-க்கு 15 முதல் 50 நாள். காய்ச்சலோ மஞ்சள் காமாலையோ வந்தால், எந்த நாட்டுக்கு எப்போது போனீர்கள் என்பதை மருத்துவர் கேட்கும் முன்னே நீங்களே சொல்லிவிடுங்கள்.