குர்த்தி எங்கே முடிய வேண்டும்? ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு உடையளவுப் பாடம்

போன மாதம் இங்கே சிங்கப்பூரில், ஈசூனில் இருக்கும் அண்ணி வீட்டுக்குப் போயிருந்தேன். அலமாரியில் இருந்த துணி எல்லாம் கட்டிலில் கிடந்தது. "எதப் போட்டாலும் குட்டையா, குண்டாத்தான் தெரியிறேன். இனிமே எனக்கு எதுவும் நல்லாருக்காது" என்றார். அவருக்கு வயது 54, உயரம் ஐந்தடி. கட்டிலில் கிடந்ததெல்லாம் நல்ல துணி. ஒவ்வொன்றும் முடியக் கூடாத இடத்தில் முடிந்திருந்தது, அவ்வளவுதான். அன்று மாலை நாங்கள் செய்ததை அப்படியே எழுதுகிறேன். இன்ச் டேப், ஆளுயரக் கண்ணாடி, துப்பட்டா, நாலைந்து குண்டூசி இருந்தால் போதும்.

படி 1: பழைய அளவை மறந்துவிட்டுப் புதிதாக அளவெடுங்கள்

மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைவதால், முன்பு தொடையிலும் பின்பக்கத்திலும் சேர்ந்த கொழுப்பு வயிற்றில் சேரத் தொடங்கும். எடை ஏறாமலேயே இடை பெருக்கும். மார்பு சற்று இறங்கும், மேல்முதுகு லேசாக வளையும். ஆகவே நாற்பது வயதில் பொருந்திய ரவிக்கையை 'இதுதான் அளவு' என்று தையல்காரரிடம் கொடுக்காதீர்கள். நான் ஒரு தீபாவளிக்கு எட்டு வருடப் பழைய ரவிக்கையைக் கொடுத்தேன். அவர் அதே அளவில் கச்சிதமாகத் தைத்துவிட்டார். பண்டிகை அன்று காலையில் கை ஏறவில்லை.

தோள் அகலம், மார்பு, இடை, பின்பக்கத்தின் அகலமான இடம், மேற்கையின் சுற்று ஆகியவற்றோடு இரண்டு நீளங்களையும் குறித்துக்கொள்ளுங்கள். கழுத்தோரத் தோளிலிருந்து மார்பு நுனி வரை ஒன்று, அதே இடத்திலிருந்து தரை வரை இன்னொன்று. தரை வரை எடுக்கும் அளவைப் பெரும்பாலோர் எடுப்பதே இல்லை. மற்றதெல்லாம் அதை வைத்துத்தான்.

படி 2: அந்த நீளத்தை மூன்றாகப் பிரியுங்கள்

அண்ணிக்குத் தோளிலிருந்து தரை வரை 51 இன்ச். மூன்றில் ஒரு பங்கு 17, மூன்றில் இரண்டு பங்கு 34. பாதி 25½.

மேலாடை பாதியில் முடிந்தால் உடம்பு சரிபாதியாக வெட்டுப்படும். அதோடு அந்த 25, 26 இன்ச்தான் பெரும்பாலான நமக்குப் பின்பக்கம் அகலமாக இருக்கும் இடம். கண் நேராக அங்கே போய் நிற்கும். அண்ணியிடம் இருந்த டாப்ஸில் பாதிக்கு மேல் 26லிருந்து 28 இன்ச் வரை. வயிறு மறையட்டும் என்று பார்த்துப் பார்த்து வாங்கியவை!

34 என்பது அவருக்கு முழங்கால். அதற்கு இரண்டு இன்ச் கீழே, கெண்டைச்சதை திரளும் முன்பே, 36ல் முடிந்தால் ஆள் உயர்ந்து தெரிகிறார். 39, 40ல் முடிந்தால் கெண்டையின் பருமனான இடத்தில் கோடு விழும், கால் கட்டையாகத் தெரியும். கடையில் கிடைக்கும் 46 இன்ச் குர்த்தி ஐந்தடிப் பெண்ணுக்குக் கிட்டத்தட்டக் கணுக்காலைத் தொட்டுவிடும், இரவு உடை மாதிரி ஆகிவிடும்.

குட்டையான டாப்ஸ் பிடிக்குமா? 17 என்பது இடை. உள்ளே சொருகிக் கட்டினால்தான் அந்த அளவு வரும். சொருக விருப்பமில்லை என்றால் இடுப்பெலும்பில், 21 அல்லது 22 இன்ச்சில் நிறுத்துங்கள்.

இந்தக் கணக்கு நம் ஊருக்குப் புதிதில்லை. பக்கத்து வீட்டு மலாய் அக்காவின் பாஜு கூரோங்கைப் பாருங்கள்: முழங்கால் வரை மேலாடை, கீழே கொஞ்சமாகப் பாவாடை. கெபாயா இதற்கு நேர்மாறு: மேலே கொஞ்சம், கீழே நீளமாகச் சாரோங். பெரானாக்கான் பெண்கள் உடுத்தும் நியோன்யா கெபாயாவில் முன்பக்கம் இரண்டு முனைகளாகக் கீழிறங்குவதால் வயிற்றுக்குக் குறுக்கே நேர்கோடே விழாது. 2024ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த உடை அது. நம் குர்த்தியிலும் முன்பக்கம் வளைந்து இறங்கும் வெட்டு கிடைக்கிறது, கேட்டு வாங்குங்கள்.

படி 3: துப்பட்டாவை வைத்துப் பாருங்கள்

கணக்கு ஒரு தொடக்கம்தான், முடிவு கண்ணாடியில். ஒட்டிய கால்சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு, துப்பட்டாவை நான்காக மடித்து உடம்பின் முன்னால் பிடியுங்கள். கீழ் ஓரத்தை முழங்காலுக்கு மேலிருந்து மெல்ல, அரை அரை இன்ச்சாக இறக்குங்கள். ஓர் இடத்தில் கால் சட்டென்று நீளமாகத் தெரியும். அங்கே குண்டூசி குத்தி, தோளிலிருந்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். அண்ணிக்கு அந்த இடம் 36½ல் வந்தது. வெளியே எந்தச் செருப்புப் போடுவீர்களோ அதைப் போட்டுக்கொண்டு நில்லுங்கள். ஒரு இன்ச் குதி எல்லாவற்றையும் மாற்றிவிடும்.

படி 4: தோள், முதுகு, கை

தோள் தையல் தோளெலும்பின் நுனியில் உட்கார வேண்டும். அது சரிந்தால் மற்றது எதுவும் நிற்காது. பின்பக்கத் துணி மேலே ஏறி, கழுத்து பின்னால் இழுக்கிறதா? முதுகு வளைந்ததன் அடையாளம் அது. முதுகுத் துண்டில் அரையிலிருந்து ஒரு இன்ச் கூட்டித் தைக்கச் சொல்லுங்கள். மார்பு டார்ட் (துணியைக் கூராக மடித்துத் தைக்கும் மடிப்பு) இப்போதைய மார்பு நுனியை நோக்கி, அதற்கு ஒரு இன்ச் முன்னால் நிற்க வேண்டும். கை நீளம் மேற்கையின் பருமனான இடத்தில் முடியாமல் முழங்கை வரையோ முக்கால் கையோ இருக்கட்டும்.

படி 5: எதோடு எது

முழங்காலுக்குக் கீழே வரும் குர்த்தி என்றால் ஒடுங்கிய கால்சட்டை. குட்டை டாப்ஸ் என்றால் அகலக் கால் வைத்த பலாசோ. இரண்டும் தொளதொளவென்று வேண்டாம். மேலும் கீழும் ஒரே நிறக் குடும்பமாக இருந்தால் உயரம் கூடித் தெரியும். மாறுபட்ட நிறத்தைத் துப்பட்டாவிலோ, மேலே போடும் ஷ்ரக்கிலோ வையுங்கள்.

ஷ்ரக் இங்கே அலங்காரத்துக்கு மட்டும் இல்லை. வெளியே வியர்த்துக் கொட்டும், எம்ஆர்டி ரயிலுக்குள் குளிரும், நடுவில் திடீரென உடம்பு சூடேறும். முன்பக்கம் திறந்த மெல்லிய பருத்தி அல்லது ரேயான் ஷ்ரக்கைச் சட்டென்று கழற்றலாம். அதன் நீளமும் இடுப்பெலும்பு அல்லது முழங்காலுக்குக் கீழே, நடுவில் வேண்டாம்.

சேலைக்கு ஒரே வார்த்தை: ஐந்தடிக்காரர்கள் கையகலக் கரையைத் தவிர்த்துச் சிறுகரை எடுங்கள், ரவிக்கை சேலை நிறத்திலேயே இருக்கட்டும்.

படி 6: இருப்பதைத் திருத்துங்கள்

புதிதாக வாங்கும் முன், குறித்த நீளத்தோடு தேக்கா சென்டர் மாடியில் இருக்கும் தையல்காரர்களிடம் போங்கள். தீபாவளி நெருங்கினால் தையல்காரர்களுக்குத் தலை நிமிர நேரமிருக்காது, இரண்டு மாதம் முன்பே கொடுத்துவிடுங்கள். கீழ் ஓரத்தில் பூவேலை உள்ள குர்த்தியை வெட்ட முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள். அண்ணியின் 46 இன்ச் நீலக் குர்த்தியில் ஒன்பதரை இன்ச் குறைத்தோம், மடித்துத் தைக்கக் கொஞ்சம் விட்டு வெட்டி. வெட்டிய துணியை அங்கேயே விட்டுவிடாதீர்கள். அந்தத் துண்டில்தான் அண்ணிக்கு முழங்கை வரை கை நீண்டது.