1176 பிளக்-இன்னில் குரல் கரகரத்தது: சரிசெய்த விதம்

மூன்று நாள் போனது. 1176 கம்ப்ரஸரை (ஒலியின் ஏற்ற இறக்கத்தை அமுக்கிச் சமன்செய்யும் கருவி) போலச் செய்யும் பிளக்-இன் மென்பொருளைப் போட்டதும் ஆண் குரலின் கீழ்ஸ்தாயி கரகரத்தது. ஓவர்சாம்பிளிங்கை (பிளக்-இன் தனக்குள் ஒலியை அதிக மாதிரிகளாகக் கணக்கிடுவது) கூட்டினேன், சாம்பிள் ரேட்டை 96 கிலோஹெர்ட்ஸுக்கு மாற்றினேன். பயனில்லை.

அசல் கருவியில் த்ரெஷோல்டுக்கு (அமுக்கம் தொடங்கும் ஒலியளவு) குமிழே கிடையாது; உள்ளே எவ்வளவு தள்ளுகிறோமோ அவ்வளவு அமுக்கும். இந்தப் பிளக்-இன் −18 டிபிஎஃப்எஸ்ஸை (டிஜிட்டல் ஒலியளவு; 0தான் உச்சம்) 0 வியூவாக, அதாவது அனலாக் மீட்டரின் இயல்பு அளவாக எடுத்துக்கொள்கிறது. என் டிராக்கின் சராசரியோ −8. அதனால் ஒலி பிளக்-இன்னுக்குள் போகும் முன்பே கிளிப் கெயினை (பதிவின் ஒலியளவு) 10 டெசிபல் இறக்கினேன். பாதி கரகரப்பு போயிற்று.

மீதி, குமிழ்களில் இருந்தது. மெதுவாக இருக்கட்டும் என்று அட்டாக் (அமுக்க எடுக்கும் நேரம்), ரிலீஸ் (அமுக்கத்தை விட எடுக்கும் நேரம்) இரண்டையும் 7-இல் வைத்திருந்தேன். 1176-இல் 7தான் அதிவேகம்: அட்டாக் 20 மைக்ரோசெகண்ட், ரிலீஸ் 50 மில்லிசெகண்ட். கீழ்ஸ்தாயியின் ஒவ்வொரு அலையையும் அது துரத்தியிருக்கிறது. அந்தத் தலைகீழ் எண்களையும் பிளக்-இன் அப்படியே பின்பற்றுகிறது. இரண்டையும் 3-க்கு இறக்கினேன், குரல் தெளிந்தது.