நடப்பவர்கள் இல்லாத அறையில் நடைபாதைத் திட்டம்: டர்பனில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டர்பனின் புறநகர்களான சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ சாலைப் பாதுகாப்புக் கூட்டம் நடந்தால், வெளியே நிற்கும் கார்களைக் கொஞ்சம் பாருங்கள். உள்ளே பேசுகிறவர்களில் பெரும்பாலோர் அவற்றில் வந்தவர்கள்தான். பள்ளிக்கு நடக்கும் பிள்ளைகள், விடியற்காலையில் டாக்சியை (இங்கே பலர் சேர்ந்து போகும் மினிபஸ்) பிடிக்க ஓடும் பெண்கள், பக்கத்துக் குடிசைப் பகுதிகளிலிருந்து வீட்டு வேலைக்கு வருகிறவர்கள் என யாரும் அங்கே இருக்க மாட்டார்கள். மாலை ஆறரைக்குக் கூட்டம் வைத்தால் அவர்களால் எப்படி வர முடியும்? தென்னாப்பிரிக்காவில் சாலையில் சாகிறவர்களில் ஏறக்குறைய 40 விழுக்காட்டினர் பாதசாரிகள். பள்ளிப் பிள்ளைகளில் பாதிக்கு மேல் நடந்தே போகிறார்கள். திட்டமோ காரில் வந்தவர்கள் சொன்னபடி எழுதப்படுகிறது. மற்றத் தவறுகளில் பல இதிலிருந்து கிளைத்தவை.

அதில் முதலாவது, “எங்க தெருவுக்கு ஒரு ஹம்ப் போடுங்க” என்று, அதாவது வேகத்தடை வேண்டும் என்று, நேராகக் கேட்பது. ஹம்ப் என்று கேட்டால் பொறியாளர் ஹம்புக்கு உரிய விதிகளைத்தான் பார்ப்பார். சரிவு அதிகமா, பஸ் தடமா, ஆம்புலன்ஸ் போகும் வழியா, மழைநீர் தேங்குமா? டர்பனின் மேட்டுத் தெருக்களில் இவற்றில் ஒன்றாவது இடிக்கும். ‘முடியாது’ என்று பதில் வரும், அப்புறம் கோப்பை மூடிவிடுவார்கள். அதற்குப் பதிலாக, யார் எங்கிருந்து எங்கே நடக்கிறார்கள், எந்த இடத்தில் சாலையில் இறங்க வேண்டியிருக்கிறது, எங்கே குறுக்கே ஓடுகிறார்கள் என்று எழுதிக் கொடுங்கள். தீர்வு உயர்த்திய கடவையாக (பாதசாரிகள் சாலையைக் கடக்கும் இடம்) இருக்கலாம், சந்திப்பின் வளைவைக் குறுக்குவதாக இருக்கலாம், சின்ன வட்டச் சந்திப்பாகக்கூட இருக்கலாம். அதைப் பொறியாளர் யோசிக்கட்டும்.

வேகத்தைப் பற்றிப் பேசும்போது எண்களோடு பேசுவது நல்லது. ஊருக்குள் பொதுவான வேக வரம்பு மணிக்கு 60 கிலோமீட்டர். ஆபத்தைப் பார்த்து பிரேக்கில் கால் வைக்க ஒரு நொடி ஆகிறது என்று கொள்வோம். அந்த ஒரு நொடியில் 60-இல் வருகிற வண்டி கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடிவிடும், 30-இல் வருவது 8 மீட்டர்தான் ஓடும். மோதலின் ஆற்றல் வேகத்தின் வர்க்கமாக ஏறுவதால், வேகம் பாதியானால் அது நான்கில் ஒரு பங்காகிறது. மக்களும் வண்டிகளும் கலந்து புழங்கும் இடங்களில் 30 போதும் என்று 2020-இல் சாலைப் பாதுகாப்பு பற்றிய ஸ்டாக்ஹோம் அறிவிப்பு சொன்னதன் பின்னணி இதுதான். ஆனால் அகலமான நேர்சாலையில் 30 என்று பலகை மட்டும் நட்டால் யாரும் மதிக்கப் போவதில்லை. சாலையின் உருவமே ஓட்டுநரை மெதுவாகப் போக வைக்க வேண்டும்.

மனுவை எந்த அலுவலகத்துக்குக் கொடுப்பது என்பதிலும் பலர் கோட்டை விடுகிறார்கள். என்2, என்3 போன்ற தேசியச் சாலைகள் சான்ரால் நிறுவனத்தின் பொறுப்பு. மாகாணச் சாலைகளுக்கு குவாசூலு-நட்டால் போக்குவரத்துத் துறை. தெருக்களும் ‘எம்’ என்று தொடங்கும் எண் கொண்ட நகரச் சாலைகளில் பெரும்பாலானவையும் டர்பனை ஆளும் எதெக்வினி நகராட்சியுடையவை. ஒரே சந்திப்பில் இரண்டு பேருடைய எல்லை முட்டிக்கொள்ளும் இடங்கள் உண்டு. அங்கே இருவருக்கும் ஒரே கடிதத்தை அனுப்பி, மற்றவருக்கும் அனுப்பியதை அதிலேயே எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் ஒருவர் மற்றவரைக் கைகாட்டியே வருஷம் ஓடிவிடும்.

காலமும் முக்கியம். நகராட்சியின் நிதியாண்டு ஜூலை 1-இல் தொடங்குகிறது. வரைவு பட்ஜெட்டை அதற்கு 90 நாளாவது முன்னால், அதாவது மார்ச் முடிவதற்குள், மன்றத்தில் வைக்க வேண்டும் என்பது சட்டம். பொதுமக்கள் கருத்துச் சொல்வது அதற்கடுத்த வாரங்களில். ஆகஸ்டில் மனு கொடுத்துவிட்டு அந்த ஆண்டே நடைபாதை வரும் என்று காத்திருந்தால் ஏமாற்றம்தான். நகராட்சியின் ஐந்தாண்டு ஒருங்கிணைந்த வளர்ச்சித் திட்டம் ஆண்டுதோறும் மறுபார்வைக்கு வருகிறது. உங்கள் தெரு அதில் ஏற வேண்டுமானால் முந்தைய ஆண்டின் கடைசி மாதங்களிலேயே கவுன்சிலரிடம் பேச்சைத் தொடங்குங்கள். அவர் தலைமை ஏற்கும் வார்டு குழுவில் மேலும் 10 பேர் வரை இருக்கலாம். தினமும் நடக்கிற ஒருவராவது அந்தப் பத்தில் இருக்கிறாரா என்று கேளுங்கள்.

அடுத்தது நம் வீட்டு வாசலிலேயே நடப்பது. மதிலுக்கும் சாலைக்கும் நடுவே உள்ள புல் ஓரம் நகராட்சி நிலம். அதில் நாம் பாறாங்கல் வைக்கிறோம், முள்செடி வளர்க்கிறோம், காரேற டைல்ஸ் போட்டுச் சரிவு கட்டுகிறோம், இரண்டாவது காரையும் அங்கேயே நிறுத்துகிறோம். நடைபாதை இல்லாத சாலையில் பாதசாரி எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடி வலப்புற ஓரமாக நடக்க வேண்டும் என்கிறது விதி. அந்த ஓரத்தில் நம் பாறாங்கல் இருந்தால் அவர் தாரில்தான் இறங்க வேண்டும். தள்ளுவண்டியில் குழந்தையோடு வருகிறவர், சக்கர நாற்காலிக்காரர், கண் தெரியாதவர் எல்லாருக்கும் இதே கதி. நகராட்சியைத் திட்டி மனு எழுதுகிற தெருவில் முதலில் இதைச் சரிசெய்தாலே பாதி வேலை முடிந்துவிடும். இதைக் கூட்டத்தில் சொன்னால் முகம் சுளிப்பார்கள். பரவாயில்லை.

வீடுகளுக்கிடையே போகும் சந்துகளை அடைக்கச் சொல்வதும் இதோடு சேர்ந்தது. திருட்டு பயம் உண்மையானது, அதைக் குறைத்துப் பேசவில்லை. ஆனால் சந்துகளை அடைத்தால் பள்ளிக்கு ஐந்து நிமிஷ நடை பதினைந்து நிமிஷமாகும், அதுவும் பெரிய சாலை வழியாக. அடைப்பதற்கு முன் விளக்குப் போடவும் புதரை வெட்டவும் கேட்டுப் பாருங்கள்.

நடைமேம்பாலம் என்றால் எல்லாருக்கும் ஆசை. படம் எடுக்க அழகாக இருக்கும், திறப்பு விழாவும் வைக்கலாம். பிரிட்டனில் 1965-இல் வந்த ஓர் ஆய்வு, பாலத்தில் ஏறி இறங்கச் சாலையைக் கடப்பதைவிட ஒன்றரை மடங்கு நேரம் ஆனால் கிட்டத்தட்ட யாருமே அதைப் பயன்படுத்துவதில்லை என்று கண்டது. இங்கே வழிப்பறி பயமும் சேர்ந்துகொள்கிறது. மூடிய கூண்டுபோன்ற பாலத்தில் இருட்டிய பிறகு தனியாக யார் போவார்கள்? பாலத்துக்கு அடியிலேயே குறுக்கே ஓடுகிறவர்களைச் சோம்பேறிகள் என்று ஏசுவதில் பயனில்லை. என்2 போன்ற அதிவேகச் சாலைக்கு வேறு வழி இல்லை, அங்கே பாலம் வேண்டும், ஆனால் மக்கள் ஏற்கெனவே கடக்கிற இடத்திலேயே. ஊருக்குள் உள்ள சாலைக்குத் தரைமட்டக் கடவையும் ரோபோட்டும் மேல். இங்கே சிக்னலை ரோபோட் என்றுதான் சொல்வோம்.

ஒரே திசையில் இரண்டு தடமுள்ள சாலையில் வெறும் வரிக்கடவை மட்டும் போடுவது ஆபத்து. ஒரு தடத்தில் டாக்சி நின்று வழிவிடும், அதன் மறைவில் அடுத்த தடத்து வண்டி நிற்காமல் வரும். நடுவே ஒரு தீவுத்திட்டு, நிறுத்தக் கோட்டைக் கடவையிலிருந்து சற்றுப் பின்னால் தள்ளுவது, அல்லது ரோபோட் வேண்டும். பள்ளி வாசலில் ஸ்காலர் பட்ரோல் (வண்டிகளை நிறுத்திப் பிள்ளைகளைக் கடக்க வைக்கும் குழு) நிற்பது நல்லதுதான், ஆனால் அது காலையும் மதியமும் கொஞ்ச நேரத்துக்கு மட்டும். பிள்ளைகள் டியூஷனுக்கும் கோயிலுக்கும் கடைக்கும் மற்ற நேரத்திலும்தான் கடக்கிறார்கள்.

சைக்கிள் என்றதும் டர்பன் கடற்கரை நடைமேடைதான் பலருக்கு நினைவுக்கு வருகிறது. காரில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு போய் அங்கே ஓட்டிவிட்டுத் திரும்புவது பொழுதுபோக்கு, அதில் தப்பில்லை. வேலைக்குச் சைக்கிளில் போகிறவரின் தேவை வேறு. நடுவண் அரசு 2001-இல் தொடங்கிய ஷோவா கலூலா திட்டம் கிராமப் பிள்ளைகளுக்குச் சைக்கிள் கொடுத்தது. சைக்கிள் கொடுத்தால் மட்டும் போதாது. அதை ஓட்டப் பாதையும், பழுது பார்க்க ஆளும் பக்கத்திலேயே வேண்டும். தலைக்கவசம் இந்த நாட்டில் கட்டாயம், ஆனால் லாரி இடிப்பதை அது தடுக்காது. வெறும் பெயின்ட் கோட்டைத் தனித்தடம் என்று ஏற்றுக்கொள்ளாதீர்கள், அரை மணியில் அதில் டாக்சி நிற்கும். நிறுத்திய கார்களை ஒட்டித் தடம் போட்டால் திறக்கும் கதவில் மோதி விழ வேண்டியதுதான். சந்திப்புக்கு இருபது மீட்டர் முன்னால் மறைந்துவிடும் தடமும் வேண்டாம், மோதல்கள் நடப்பதே சந்திப்பில்தான். மழைநீர் வடிகாலின் கம்பிகள் போகும் திசைக்கு இணையாக இருந்தால் சைக்கிள் சக்கரம் உள்ளே இறங்கிவிடும். மூடியே திருட்டுப் போன குழிகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

தைப்பூசக் காவடி, சித்ரா பருவக் காவடி நாட்களுக்குத் தனித் திட்டம் தேவை. ஊர்வலத்துக்குச் சாலையை அடைக்க அனுமதி வாங்குகிறோம், சரி. கூட்டம் கலைந்து இருட்டில் வெறுங்காலோடு வீடு திரும்பும் குடும்பங்களை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஓரமெல்லாம் கார் நிற்கும்போது அவர்கள் நடுச்சாலையில்தான் போக முடியும். கோயில் குழுவே ஒரு பக்க ஓரத்தைக் கயிறு கட்டி ஒதுக்கினால் இதற்குச் செலவு அதிகமில்லை.

உயிர் போன பிறகுதான் ஆதாரம் கிடைக்கும் என்று காத்திருக்காதீர்கள். ஒரு வேலை நாளில் காலை ஆறரை முதல் எட்டு வரை நின்று, கடப்பவர்களையும், ஓடிக் கடப்பவர்களையும், பிரேக் கிறீச்சிட்ட சமயங்களையும் குறித்துக்கொள்ளுங்கள். மழை நாளில் ஒரு முறையும் எண்ணுங்கள். மேல்வகுப்புப் பிள்ளைகள் இதை அழகாகச் செய்வார்கள். அந்தக் காகிதம் இருந்தால் கூட்டத்துக்கு வர முடியாதவர்களின் நடையும் மேசைமேல் இருக்கும். வேலை முடிந்து கடவை வந்த பிறகும் அந்தக் கணக்கைத் தொடருங்கள். பெயின்ட் தேயும், விளக்கு அணையும். ஒவ்வொரு புகாருக்கும் நகராட்சி தரும் எண்ணைத் தேதியோடு ஒரே நோட்டில் எழுதி வைத்திருந்தால், அடுத்த மார்ச்சில் பட்ஜெட் வரும்போது பேச ஆதாரம் இருக்கும்.