காயலான் கடைக் காரை வைத்துப் பந்தயம் நடத்த விதிப்புத்தகம் எழுதுவது எப்படி?

2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 ஆகிய இரு நாட்களில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி மின்விளக்கு வெளிச்சத்தில் கார்கள் சீறிப் பாய்ந்ததைப் பார்த்துவிட்டு, பந்தயம் என்றாலே கோடிக்கணக்கில் பணம் வேண்டும் என்ற முடிவுக்கு வந்தவர்கள் இந்த ஊரில் நிறையப் பேர். அதற்கு நேர்மாறாக, பொறியியல் கல்லூரி மாணவர்கள் நால்வர் என்னிடம் வந்து, "அண்ணா, ஆளுக்கு ஒரு பழைய மாருதி 800 வாங்கினால் எங்களுக்குள் ஒரு பந்தயம் நடத்த முடியாதா?" என்று கேட்டார்கள். இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் சில ஆண்டுகளாக, கார்கள் விதிப்படி இருக்கின்றனவா என்று சோதிக்கும் ஸ்க்ரூட்டினி மேசையில் தன்னார்வலனாக நிற்பவன் என்ற முறையில் நான் சொன்ன பதில் இதுதான்: காரைப் பிறகு வாங்கலாம், முதலில் விதிப்புத்தகத்தை எழுதுங்கள். மலிவான கார் கிடைப்பதால் மட்டும் பந்தயம் மலிவாகிவிடாது. செலவு செய்தவனுக்குப் பலன் கிடைக்காதபடி விதி இருந்தால்தான் அது மலிவாகவே நீடிக்கும்.

எழுத உட்காருவதற்கு முன் 1949 ஜூன் 19 அன்று வட கரோலினாவின் சார்லட் நகரில் நடந்ததைத் தெரிந்துகொள்வது நல்லது. அமெரிக்காவில் கார் பந்தயங்களை நடத்தும் நாஸ்கார் அமைப்பு தொடங்கி ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்த அந்த வேளையில், அதன் நிறுவனர் பில் ஃபிரான்ஸ் 'ஸ்ட்ரிக்ட்லி ஸ்டாக்' என்று ஒரு பிரிவை அறிவித்தார். கடையில் விற்கும் காரை அப்படியே கொண்டுவந்து ஓட்ட வேண்டும், எதையும் மாற்றக் கூடாது என்பதுதான் அதன் சாரம். க்ளென் டன்னவே என்பவர் ஒரு 1947 ஃபோர்டில் முதலாவதாக வந்தார். பந்தயம் முடிந்து காரைச் சோதித்தபோது பின்பக்க ஸ்பிரிங்குகளில் கைவைத்திருந்தது தெரியவந்தது. கள்ளச்சாராயம் கடத்துபவர்கள் வளைவுகளில் வேகமாகத் திரும்புவதற்குச் செய்துகொள்ளும் அதே வேலை. வெற்றி ஜிம் ரோப்பருக்குப் போனது. ஃபோர்டின் உரிமையாளர் நீதிமன்றம் ஏறினார், வழக்கு தள்ளுபடியாயிற்று. பந்தயம் நடத்துபவர் தம் விதியைத் தாமே எழுதி, அதை அமல்படுத்தவும் செய்யலாம் என்பது அன்றே நிலைபெற்றது எனலாம்.

ஆகவே உங்கள் புத்தகத்தின் முதல் வரி, "இங்கே வெளிப்படையாக அனுமதிக்கப்படாத எதுவும் தடை செய்யப்பட்டதே" என்று இருக்க வேண்டும். "இதை மாற்றாதே, அதை மாற்றாதே" என்று பட்டியல் போடத் தொடங்கினால், பட்டியலில் விடுபட்டதைத் தேடிப் பிடிப்பவன்தான் முதலில் வருவான். நம் ஊர் மெக்கானிக்குகளின் கைத்திறனைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அடுத்தது காரைத் தேர்ந்தெடுப்பது. அமெரிக்காவின் உள்ளூர் ஓடுதளங்களில் ஹாபி ஸ்டாக், ஸ்ட்ரீட் ஸ்டாக் என்ற பெயர்களில் நடந்த மலிவுப் பிரிவுகள் நெடுங்காலம் பெரிய வி-8 எஞ்சின் கொண்ட கார்களை நம்பியிருந்தன. அக்காலத்தில் பழைய இரும்புக் கிடங்குகளில் அவை குவிந்து கிடந்தன. ஃபோர்டு பின்ட்டோ போன்ற நான்கு சிலிண்டர் கார்கள் கிடைக்கத் தொடங்கியதும் மினி ஸ்டாக் பிரிவு வளர்ந்தது. பின்சக்கர இயக்கக் கார்கள் அருகிப்போனதும் முன்சக்கர இயக்கச் சிறு கார்களுக்கென்று ஹார்னெட் போன்ற பிரிவுகள் வந்தன. பிரிவின் ஆயுள் கிடங்கில் இருக்கும் கார்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது என்பதுதான் இதில் உள்ள பாடம். சென்னையில் அந்தக் கிடங்குக்குப் புதுப்பேட்டை என்று பெயர். 1983 முதல் 2014 வரை உற்பத்தியான மாருதி 800க்கு அங்கே கதவு முதல் கார்புரேட்டர் வரை இன்னும் கிடைக்கிறது. மேலும் இந்த எஞ்சினுக்கு நம் நாட்டிலேயே பந்தயப் பரம்பரை உண்டு. கோயம்புத்தூர் எஸ். கரிவரதன் 1980களின் இறுதியில் இதே எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைக் கார்களை வடிவமைத்து, ஃபார்முலா மாருதி என்ற பிரிவுக்கு வழிவகுத்தார். பின்னாளில் ஃபார்முலா ஒன் வரை சென்ற நரேன் கார்த்திகேயனும் அந்தக் காரில் ஓட்டிப் பழகியவரே. கார்புரேட்டர் வைத்ததா, எம்.பி.எஃப்.ஐ. எனும் மின்னணு எரிபொருள் பீய்ச்சி வைத்ததா என்பதை ஆரம்பத்திலேயே முடிவு செய்து, ஒன்றை மட்டும் அனுமதியுங்கள். இரண்டையும் சேர்த்தால் ஆண்டு முழுவதும் பஞ்சாயத்துதான்.

இப்போது எஞ்சின். சற்று நிதானமாகப் படிக்க வேண்டிய இடம் இது. மாருதி 800இன் சிலிண்டர் விட்டம் 68.5 மி.மீ., ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், 72 மி.மீ. ஒரு சிலிண்டருக்கு 265.3 சி.சி., மூன்றுக்கும் சேர்த்து 796 சி.சி. சிலிண்டரைக் குடைந்து (போரிங் போட்டு) அரை மில்லிமீட்டர் பெரிய பிஸ்டன் மாட்டினால் அது 807 சி.சி.யைத் தாண்டும். பழைய எஞ்சின் தேய்ந்திருக்கும் என்பதால் ஓவர்சைஸ் பிஸ்டனை முற்றாகத் தடுக்க முடியாது. எந்த அளவு வரை என்பதை எண்ணாகவே எழுதிவிடுங்கள். இதைவிடத் தந்திரமானது சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டை லேத்தில் கொடுத்துச் சீவுவது. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஆனால் எரியறையின் கொள்ளளவு குறைந்து அழுத்த விகிதம், அதாவது உள்ளே வரும் கலவை எத்தனை மடங்கு நெருக்கப்படுகிறது என்ற கணக்கு, ஏறிவிடும்; எஞ்சினின் பலமும் கூடும்.

அதைப் பிடிக்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. கல்லூரி வேதியியல் வகுப்பில் பார்த்த, அளவுக்கோடு போட்ட பியூரெட் குழாய் ஒன்றும், கொஞ்சம் மெல்லிய எண்ணெயும் போதும். பிஸ்டனை மேல்முனைக்குக் கொண்டுவந்து, வால்வுகள் இரண்டும் மூடியிருப்பதை உறுதிசெய்து, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு, அந்தத் துளை நேர்மேலாக நிற்கும்படி எஞ்சினைச் சாய்த்து, எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். துளையின் கடைசி மரையை எண்ணெய் தொட்டதும் நிறுத்தி, எவ்வளவு இறங்கியது என்று பாருங்கள். சிலிண்டர் கொள்ளளவையும் எரியறையையும் கூட்டி எரியறையால் வகுத்தால் வருவதே அழுத்த விகிதம்; விதியில் அதன் உச்சவரம்பு 9 என்று வைத்தால், ஒன்று குறைத்து 265.3ஐ 8ஆல் வகுக்க, குறைந்தது 33.2 சி.சி. உள்ளே போக வேண்டும். 31 சி.சி.யிலேயே நிரம்பிவிட்டால் விகிதம் ஒன்பதரையைத் தாண்டிவிட்டது என்று பொருள். முதன்முறை இப்படி அளந்தபோது, காரின் சொந்தக்காரர் எண்ணெய் மட்டத்தைப் பார்க்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முடிவு எனக்கு முன்பே அவருக்குத் தெரிந்திருந்தது.

ஆனாலும் அளப்பதற்கு நேரமும் ஆளும் வேண்டும். அளக்காமலே செலவைக் கட்டுப்படுத்தும் வழியை அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் கையாண்டார்கள். 1979இல் கீத் நாக் என்பவர் ஐ.எம்.சி.ஏ. என்ற பந்தய அமைப்பின் கீழ் மாடிஃபைடு பிரிவைத் தொடங்கியபோது, வென்றவரின் எஞ்சினைப் போட்டியாளர் ஒருவர் முன்கூட்டியே அறிவித்த சொற்பத் தொகைக்கு வாங்கிக்கொள்ளலாம் என்ற விதி அதன் அச்சாணியாக இருந்தது. எஞ்சினில் லட்சத்தைக் கொட்டினால் அதை அடுத்தவன் ஆயிரத்துக்குத் தூக்கிக்கொண்டு போவான் என்றால், யார் கொட்டுவார்? சுவீடன், ஃபின்லாந்து நாடுகளின் எளியோர் பந்தயங்களில் காரையே அப்படி நிர்ணயித்த விலைக்குக் கேட்கலாம். 2006இல் கலிபோர்னியாவில் தொடங்கிய 24 அவர்ஸ் ஆஃப் லெமன்ஸ் பந்தயம் காருக்கு 500 டாலர் என்று வரம்பு கட்டியது. அதற்கு மேல் செலவு செய்ததாக நடுவர்கள் கருதினால் சுற்றுகளைக் கழித்துவிடுவார்கள்.

இந்த வாங்கும் விதியை அப்படியே இங்கே இறக்குமதி செய்யச் சொல்ல எனக்குத் தயக்கம் உண்டு. "உன் எஞ்சினைக் கொடு" என்று ஒருவன் கேட்டுவிட்டால், அந்த இருவரும் அதன்பிறகு ஒருவரோடொருவர் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள். சின்ன வட்டத்தில் அது பந்தயத்தையே கொன்றுவிடும். அதனால் குலுக்கல் முறையைப் பரிந்துரைக்கிறேன். ஒவ்வொரு சுற்றுப் போட்டி முடிந்ததும் முதல் மூவரின் எஞ்சின்களைச் சீட்டுக் குலுக்கி இடம் மாற்றிவிடுங்கள். யாரும் யாரிடமும் கேட்கவில்லை என்பதால் மனக்கசப்பு வராது, பலனோ ஒன்றேதான். இடையில் யாரும் பிரிக்காமலிருக்க, ஹெட்டுக்கும், அடியில் எண்ணெய் தேங்கும் சம்ப்புக்கும் கம்பி கோத்து ஈயச் சீல் வையுங்கள். அமெரிக்காவில் உடைத்தால் தெரியும் போல்ட் வைத்து மூடி, ஆலையிலிருந்தே முழுதாக வரும் 'கிரேட்' எஞ்சின்கள் வந்தபோது, அந்த போல்ட்டையே போலியாகச் செய்தவர்களும் இருந்தார்கள். ஆகவே சீல் அச்சை ஒருவர் மட்டுமே வைத்திருக்கட்டும்.

பாதுகாப்புச் சாதனங்களைச் செலவு வரம்புக்குள் கொண்டுவரவே கூடாது. 500 டாலர் பந்தயத்திலும் ரோல் கேஜ் (கார் கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காக்கும் கூண்டு), இருக்கை, பெல்ட், பிரேக் ஆகியவை அந்தக் கணக்கில் சேராது. ஒருமுறை ஓர் அணி பளபளவென்று பெயின்ட் அடித்த கூண்டோடு வந்தது. தட்டிப் பார்த்ததில் சந்தேகம் வந்து ஓரிடத்தில் சுரண்டினோம். உள்ளே துத்தநாகப் பூச்சு தெரிந்தது; வீட்டுக்குத் தண்ணீர் இழுக்கும் ஜி.ஐ. பைப்பை வளைத்துப் பற்றவைத்திருந்தார்கள். கார் அன்றைக்குத் தடத்தில் இறங்கவில்லை. சர்வதேச விதிகளின்படி கூண்டின் முதன்மை வளையத்துக்குத் தையல் இல்லாத கார்பன் எஃகுக் குழாய், 45 மி.மீ. விட்டம், 2.5 மி.மீ. கனம் வேண்டும். இந்த எண்களை அப்படியே எழுதி, மேற்பார்வைக்காகக் கூண்டில் ஒரு சிறு துளை இடவும் கட்டாயமாக்குங்கள். கனத்தை அந்தத் துளை வழியே அளந்துவிடலாம்.

டயர் விஷயத்தில் அதிகம் யோசிக்க வேண்டாம். எல்லோருக்கும் ஒரே நிறுவனத்தின், ஒரே வகைச் சாலை டயர், 145/70 ஆர்12 அளவில். ஓர் ஆண்டுக்கு இத்தனைதான் என்று எண்ணிக்கை வைத்து, பக்கவாட்டில் முத்திரை குத்திவிட்டால் போதும்.

எங்கே ஓட்டுவது என்பதும் விதியின் பகுதியே. அமெரிக்க உள்ளூர்த் தடங்கள் பெரும்பாலும் கால் மைல், அரை மைல் நீளமுள்ள நீள்வட்டங்கள். இங்கிலாந்தில் 1954இல் லண்டன் நியூ கிராஸ் மைதானத்தில் ஸ்டாக் கார் பந்தயம் தொடங்கியபோது அங்கும் சிறு வட்டம்தான். அங்கே கார்கள் மோதிக்கொள்வதே ஆட்டத்தின் அங்கமாகவும் ஆயிற்று. நமக்கு அந்த மரபு இல்லை. 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நீண்ட காலம் சோழவரத்தில் இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுபாதையில் பந்தயம் நடத்தியது. 1990இல் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்த தடமோ 3.717 கி.மீ. நீளமும் பன்னிரண்டு வளைவுகளும் கொண்டது. அதன் நீண்ட நேர்ப்பாதையில் எஞ்சின் பலம்தான் பேசும். எனவே முதல் ஆண்டில் ஒருவர் பின் ஒருவராக நேரத்தை எதிர்த்து ஓடும் முறையை வைத்துக்கொள்ளுங்கள், மோதலுக்குத் தகுதிநீக்கம் என்று எழுதுங்கள். இந்திய மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பின் உரிமமும் நிகழ்ச்சி அனுமதியும் இல்லாமல் எதுவும் வேண்டாம். ஈ.சி.ஆரில் விடியற்காலையில் "சும்மா ஒரு ட்ரையல்" என்பது மோட்டார் வாகனச் சட்டப்படி குற்றம். பதிவை ரத்து செய்த காரைத் தடம் வரை லாரியில்தான் ஏற்றிச் செல்ல வேண்டும். அந்த வாடகையையும் கணக்கில் சேருங்கள்.

எழுதி முடித்ததும் அச்சுக்குக் கொடுத்துவிடாதீர்கள். ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு புதுப்பேட்டையில் அனுபவப்பட்ட ஒரு லேத்காரரிடம் போய், டீ வாங்கிக் கொடுத்து, "இதில் எங்கே ஏமாற்றலாம்?" என்று மட்டும் கேளுங்கள். அந்த நால்வரும் அப்படித்தான் போனார்கள். பெரியவர் எஞ்சின் பக்கத்தை இரண்டு முறை படித்துவிட்டு, "ஃப்ளைவீல் எடையைப் பற்றி ஒண்ணும் எழுதலையே தம்பி, அதைச் சீவிட்டா வண்டி எகிறுமே" என்றார். ஏழாம் பக்கத்தில் பேனாவால் ஒரு வரி சேர்க்கப்பட்டது.