இலையைத் திருப்பிப் பார்க்காமல் தெளிப்பானைத் தூக்காதீர்கள்

நாலு இலை சுருண்டதும் கை தானாகத் தெளிப்பானைத் தேடிப் போகிறது பாருங்கள், முதல் தவறு அங்கேதான். மிளகாய்ச் செடியையே எடுத்துக்கொள்ளுங்கள். இலைப்பேன் சாற்றை உறிஞ்சினால் இலை ஓரம் மேல்நோக்கிச் சுருளும். வெறும் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத சிலந்திப்பேன் (நாம் பார்க்கும் சிலந்தி அல்ல, சாறு உறிஞ்சும் சிற்றுயிர்) என்றால் கீழ்நோக்கி மடங்கும். உச்சி வெயிலில் தண்ணீர் இழுக்க முடியாமலும் இலை துவளும், பொழுது சாய்ந்ததும் தானே நிமிர்ந்துவிடும். இந்த மூன்றுக்கும் ஒரே மருந்து கிடையாது, மூன்றாவதற்கு மருந்தே வேண்டாம். பூச்சிமருந்துகள் பலவும் சிலந்திப்பேனை ஒன்றும் செய்யாது, அதைத் தின்னும் எதிரிகளை மட்டும் கொன்றுபோடும், அப்புறம் சிலந்திப்பேனுக்குக் கொண்டாட்டம்தான். அதனால் இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், முடிந்தால் ஒரு பூதக்கண்ணாடி வைத்துக்கொள்ளுங்கள்.

திருப்பிப் பார்த்த பிறகும் ஆளை மாற்றி அடிப்பவர்கள் உண்டு. பொறிவண்டு என்றால் சிவப்பாக, கறுப்புப் புள்ளியோடு அழகாக இருக்கும், அதை யாரும் தொடுவதில்லை. ஆனால் அதன் புழு குட்டி முதலை மாதிரி கருத்து, நீண்டு, முள்முள்ளாக இருக்கும். பார்த்தவுடன் நசுக்கத் தோன்றும், நசுக்கியும் விடுகிறோம், அது செடியின் சாற்றை உறிஞ்சும் அசுவினிப் பூச்சியைத் தின்ன வந்தது என்று தெரியாமல். இதைவிடப் பெரிய ஏமாற்று ஒன்று இருக்கிறது. மாவுப்பூச்சியைத் தின்னும் ஒருவகைப் பொறிவண்டின் புழு, மாவுப்பூச்சி போலவே வெள்ளை மெழுகைப் போர்த்திக்கொண்டு திரியும். மெழுகு இழைகள் நீளமாக இருந்து, ஆள் பெரிதாகவும், விறுவிறுவென நடப்பதாகவும் இருந்தால் அது உங்கள் கட்சி, விட்டுவிடுங்கள்.

இந்த வண்டுகளின் அருமை தெரிய ஒரு பழைய கதை போதும். 1880களில் கலிஃபோர்னியாவின் ஆரஞ்சுத் தோட்டங்களை ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஒரு செதிள்பூச்சி மொட்டையடித்துக்கொண்டிருந்தது. 1888 வாக்கில் அதே ஆஸ்திரேலியாவிலிருந்து வெடாலியா என்ற பொறிவண்டைக் கொண்டுவந்து விட்டார்கள், இரண்டே ஆண்டுக்குள் பூச்சி அடங்கிவிட்டது. பிறகு 1940களில் டிடிடி தெளிக்க ஆரம்பித்ததும் வண்டு செத்தது, பூச்சி திரும்பி வந்தது. வீட்டுத்தோட்டத்திலும் இதே கதைதான், அளவுதான் சிறியது.

எறும்பை மறந்துவிடுவது இன்னொன்று. அசுவினியும் மாவுப்பூச்சியும் கழிக்கிற இனிப்பு நீருக்காக எறும்புகள் அவற்றுக்குக் காவல் நிற்கும், பொறிவண்டை விரட்டும். மாவுப்பூச்சியோடு மட்டும் மல்லுக்கட்டினால் வேலை முடியாது. சிறு மரம் என்றால் தண்டைச் சுற்றி ஒரு தாளைக் கட்டி அதன்மேல் ஒட்டும் பசையைத் தடவுங்கள், பட்டையில் நேராகத் தடவாதீர்கள். சுவரைத் தொடும் கிளையையும் வெட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் எறும்பு அந்தப் பாலத்தின் வழியே ஏறிவிடும்.

சரி, வேப்பெண்ணெய்க்கு வருவோம். இயற்கைப் பொருள்தானே, கொஞ்சம் கூடினால் என்ன என்று நானே ஒருமுறை இரண்டு மடங்கு கலந்து, காலை பத்து மணி வெயிலில் மிளகாய்க்கு அடித்தேன். மறுநாள் பூச்சி இருந்தது, இலைதான் கருகியிருந்தது. லிட்டருக்கு 5 மில்லி போதும். எண்ணெய் தண்ணீரில் கரையாது, முதலில் எண்ணெயோடு மென்மையான சோப்புக் கரைசலைக் குழைத்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்றினால்தான் பால்போலச் சேரும். துணி துவைக்கும் தூள் வேண்டாம், அது இலையின் மெழுகையே உரித்துவிடும். மாலையில் தெளியுங்கள், தேனீக்களும் அதற்குள் கூடு திரும்பியிருக்கும். எண்ணெய் மேலே பட்ட மெல்லுடல் பூச்சிகள் மூச்சடைத்துச் சாகும், மற்றபடி வேம்பின் சத்து அடித்தவுடன் கொல்வதில்லை. பூச்சி தின்பதையும் தோலுரித்து வளர்வதையும்தான் தடுக்கிறது. வெயிலில் சில நாளிலேயே சிதைந்தும் போகும். அதனால் மறுநாள் பூச்சியைப் பார்த்துப் பதறி வேறு மருந்துக்குத் தாவாமல், ஏழு முதல் பத்து நாள் இடைவெளியில் மறுபடி தெளியுங்கள்.

தழைச்சத்தை (நைட்ரஜன் உரத்தை) அள்ளிப் போடுவதும் பூச்சியை விருந்துக்கு அழைப்பதுதான். இளசாக, சாறு நிறைந்து வளரும் தளிர் அசுவினிக்கு அவ்வளவு பிடிக்கும்.

களை என்றால் எல்லாவற்றையும் வழித்தெடுப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். தும்பையும் குப்பைமேனியும் ஓரத்தில் நின்றால் என்ன குடிமுழுகிவிடும்? தும்பைப் பூவுக்குத் தேனீயும் வண்ணத்துப்பூச்சியும் வரும். துத்தி மட்டும் வெண்டைக்குப் பக்கத்தில் வேண்டாம், இரண்டும் ஒரே குடும்பம், மாவுப்பூச்சி அங்கிருந்து இங்கே தாவும். பார்த்தீனியத்துக்கு இரக்கமே காட்டாதீர்கள். ஒரு செடி ஆயிரக்கணக்கில் விதை போடும், முளைத்த ஒரு மாதத்திலேயே பூக்கவும் செய்யும். பூப்பதற்கு முன், மண் ஈரமாக இருக்கும்போது, கையுறை போட்டு வேரோடு பிடுங்குங்கள். தோல் அரிப்பும் மூச்சுத் தொல்லையும் கொடுக்கக்கூடியது அது.

கோரை தனி ரகம். இழுத்தால் மேல்பகுதி மட்டும் கையோடு வரும், கிழங்கு மண்ணுக்குள் இருக்கும். கோபத்தில் கொத்திக் கிளறினால் இன்னும் மோசம். கிழங்குகள் சங்கிலி மாதிரி கோத்திருக்கும், சங்கிலி அறுந்தால் தூங்கிக்கொண்டிருந்த ஒவ்வொன்றும் தனித்தனியாக முளைக்கும். பிளாஸ்டிக் விரிப்பைக்கூடக் குத்திக்கொண்டு வரும். சிறு பாத்தி என்றால் கிழங்கோடு தோண்டி எடுங்கள். பெரிய இடம் என்றால், தலைகாட்டும்போதெல்லாம், இரண்டு மூன்று வாரத்துக்கொரு முறை, புதுக் கிழங்கு விடுவதற்குள் எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். பொறுமைதான் மருந்து, வேறு குறுக்குவழி நான் பார்த்ததில்லை. எடுத்த கிழங்கை உரக்குழியில் போட்டுவிடாதீர்கள், அடுத்த ஆண்டு உரத்தோடு தோட்டம் முழுக்கப் போய்ச் சேரும்.

தண்ணீர் விஷயத்தில் ஒன்றே ஒன்று. வேர் அழுகினாலும் செடி தாகம் எடுத்தது போலவே வாடும், நாம் இன்னும் ஊற்றுவோம், அது இன்னும் வாடும். ஊற்றுவதற்கு முன் விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள், ஈரம் ஒட்டினால் வாளியைக் கீழே வையுங்கள்.