பங்குனி ஆமை ரத்தத்தில் ஈயம் பார்ப்பது எப்படி

காரைக்குடியில் உட்கார்ந்துகொண்டு கடலாமை ரத்தமா என்று சிரிப்பார்கள், சிரிக்கட்டும். சிவகங்கை மாவட்டத்துக்குக் கடற்கரை இல்லைதான், ஆனால் நம் அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறையே கடலோரத் தொண்டியில்தான் இருக்கிறது.

முதலில் அனுமதி. 1972 வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள உயிர் இது, வனத்துறையின் எழுத்து இல்லாமல் தொடவே கூடாது. ஊசி குத்தி ரத்தம் எடுப்பதும் பழகிய கால்நடை மருத்துவர் வேலை.

ராத்திரி முட்டையிடக் கரையேறும் ஆமை குழி பறிக்கும்போது கிட்டே போனால் கடலுக்கே திரும்பிவிடும். முட்டை விழ ஆரம்பித்ததும் கிறங்கினாற்போல அசையாமல் கிடக்கும், அப்போது சிவப்பு விளக்கில், கழுத்தின் மேற்புறம் நடுக்கோட்டுக்கு இரு பக்கமும் ஓடும் ரத்த நாளத்தில் எடுப்பார்கள். அதற்கு முன் அந்த இடத்தில் ஒட்டிய மணலை நன்றாகத் துடையுங்கள், மணலிலும் இரும்பு, அலுமினியம் எல்லாம் உண்டு. ரத்தம் பிடிக்கும் குழாய், உறையாமல் தடுக்கும் லித்தியம் ஹெப்பாரின் போட்டதாக இருக்கட்டும். உறைதலைத் தடுக்கும் இன்னொரு மருந்தான இடிடிஏ உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும், ஆமையின் சிவப்பணுவையும் உடைக்கும். ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவை மட்டும் பிரித்து அனுப்பாதீர்கள், ஈயம் பெரும்பாலும் சிவப்பணுவில்தான் இருக்கும்.

இனிதான் வேலையே. வெள்ளீயம் பூசாத பித்தளையில் புளிக்குழம்பு வைக்க எங்கள் ஆச்சி விடவே மாட்டார், களிம்பு ஏறிவிடும் என்பார். இங்கேயும் அதே கதைதான், அமிலம் தொட்ட இடத்திலெல்லாம் உலோகத்தை வழித்துக்கொண்டு வரும். பிளாஸ்டிக் குப்பி, மூடி, பிப்பெட் முனை எல்லாவற்றையும் 10% நைட்ரிக் அமிலத்தில் ஒரு ராத்திரி ஊறவைத்துத் தூய நீரில் அலசுங்கள். கையுறை பவுடர் இல்லாததாக வேண்டும். ஒருமுறை பவுடர் கையுறை போட்டுக்கொண்டு செய்து, துத்தநாகம் எகிறியதைப் பெரிய கண்டுபிடிப்பு என்று ரெண்டு நாள் சந்தோஷமாகத் திரிந்தேன்!

அரை கிராம் ரத்தம், 4 மில்லி நைட்ரிக் அமிலம், 1 மில்லி ஹைட்ரஜன் பெராக்சைடு. மூடிய மைக்ரோவேவ் கலத்தில் செரிக்கவைத்து 50 மில்லியாக்கி, உலோகங்களை அணு நிறையை வைத்துப் பிரித்து அளக்கும் ஐசிபி-எம்எஸ் கருவியில் கொடுங்கள். ரத்தத்தில் உப்பு இருப்பதால் குளோரின் கருவியில் ஓடும் ஆர்கான் வாயுவோடு சேர்ந்து ஆர்செனிக்கின் அதே 75 நிறையில் வந்து ஏமாற்றும், அதை வடிகட்டக் கருவிக்குள் இருக்கும் ஹீலியம் வாயுக் கலத்தை ஓட்டியாக வேண்டும்.

ரத்தமே இல்லாத ஒரு வெற்றுக் குப்பியைக் கரையிலிருந்தே கூட்டி வந்து, அதையும் இதே அமிலத்தோடு கருவியில் கொடுங்கள், வெளியிலிருந்து ஒட்டிய ஈயம் எவ்வளவு என்று அது சொல்லும். கருவி ஈயம் லிட்டருக்கு 0.9 மைக்ரோகிராம் காட்டி, வெற்றுக் குப்பி 0.1 காட்டினால் மிச்சம் 0.8, அதாவது ரத்தத்தில் கிராமுக்கு 80 நானோகிராம். வெற்றுக் குப்பியே 0.7 காட்டினால்? அப்புறம் கணக்குப் போடாதீர்கள், குப்பிகளை மறுபடி ஊறப்போடுங்கள்.