கவுன்டி நீதித் திட்டப் பகுப்பாய்வு: கணக்கு பிசகும் இடங்கள்

அமெரிக்கக் கவுன்டி (மாநிலத்துக்குக் கீழுள்ள நிர்வாகப் பிரிவு) நிர்வாகங்களில் நீதித் திட்டப் பகுப்பாய்வாளர் என்றொரு பதவி உண்டு. இவர் யாரையும் கைது செய்வதில்லை, யாருக்காகவும் வாதாடுவதில்லை. ஆனால் சிறையில் எத்தனை படுக்கை வேண்டும், போதை வழக்கு நீதிமன்றத்துக்கு அடுத்த ஆண்டும் பணம் ஒதுக்கலாமா, ஜாமீன் தொகை கட்டாமல் விடுவிக்கப்பட்டவர்கள் விசாரணைக்கு வருகிறார்களா என்று கவுன்டி வாரியம் கேட்டால், விடை இவருடைய அட்டவணையிலிருந்துதான் போகும். அது பிசகினால் யாரோ ஒருவர் தேவையில்லாமல் உள்ளே கிடப்பார், அல்லது பலன் தந்த திட்டம் இழுத்து மூடப்படும். கவுன்டி சிறை என்பது மாநிலச் சிறை அல்ல. இங்கே இருப்பவர்களில் பெரும்பாலோர் விசாரணைக் கைதிகள். 2022 நடுப்பகுதி நிலவரப்படி, நாடெங்கும் உள்ளூர்ச் சிறைகளில் இருந்தவர்களில் 10க்கு 7 பேர் இன்னும் குற்றவாளி என்று தீர்ப்பாகாதவர்கள். அதனால்தான் இந்த வேலையில் கணக்குப் பிழைக்குக் கனம் அதிகம்.

எதை எண்ணுகிறோம் என்று எழுதாமல் எண்ணுவது

ஒருவர் ஓராண்டில் மூன்று முறை கைதாகிறார் என்று வைத்துக்கொள்வோம். அது மூன்று புக்கிங் (சிறையில் சேர்க்கும்போது செய்யும் பதிவு), ஏழு குற்றச்சாட்டு, இரண்டு வழக்கு, ஒரே ஆள். சிறையை நடத்தும் ஷெரிஃப் அலுவலகத்தின் தரவு புக்கிங் வாரியாக வரும். நீதிமன்றத் தரவு வழக்கு வாரியாக வரும். இரண்டையும் இணைத்துவிட்டு ‘நபர்கள்’ என்று தலைப்பிட்டால் அங்கேயே அறிக்கை கெட்டுவிடும். ஒவ்வொரு அட்டவணையின் தலைப்பிலும் அலகு எது என்று எழுதுங்கள். ஆளை அடையாளம் காண, ஒவ்வொரு முறையும் மாறும் புக்கிங் எண்ணை நம்பாதீர்கள். கைரேகையோடு இணைந்த மாநில அடையாள எண் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். பெயரையும் பிறந்த தேதியையும் வைத்துப் பொருத்த நேர்ந்தால், இணைந்த வரிசைகளில் நூறையாவது கண்ணால் சரிபாருங்கள்.

குற்றச்சாட்டிலும் மூன்று நிலை உண்டு: கைதின்போது போலீஸ் எழுதியது, அரசு வழக்கறிஞர் தாக்கல் செய்தது, தீர்ப்பில் நின்றது. முதல் நிலையை எடுத்துக்கொண்டு ‘கடுங்குற்றம் செய்தவர்கள்’ என்று எழுதுவது தரவுப் பிழை மட்டுமல்ல, அநியாயமும்கூட.

ஒரு நாள் நிலவரத்தை ஆண்டு வரத்து என்று நினைப்பது

இந்தத் துறையில் அதிகச் சேதம் விளைவிக்கும் தவறு இதுதான். ஒரு சிறைக்கு நாளுக்கு 25 பேர் வருகிறார்கள். அவர்களில் 20 பேர் ஒரு நாளில் வெளியே போகிறார்கள். 5 பேர் 96 நாள் இருக்கிறார்கள். உள்ளே இருப்போர் எண்ணிக்கை: 20 × 1 + 5 × 96 = 500. வருபவர்களில் 80 விழுக்காட்டினர் ஒரே நாளில் போய்விடுகிறார்கள். ஆனால் ஏதாவது ஒரு நாளில் உள்ளே போய் எண்ணினால், 96 விழுக்காட்டினர் நீண்ட நாள் தங்குபவர்கள். இரண்டுமே உண்மை. மனநல உதவி தேவைப்படுவோர் எத்தனை விழுக்காடு என்ற கேள்விக்கும் இந்த இரண்டு கணக்கும் இரண்டு விடை தரும். புக்கிங் அறையில் ஆள் நிறுத்துவதா, உள்ளே சிகிச்சைப் பிரிவு திறப்பதா என்று தெரிந்த பிறகே எந்தக் கணக்கு வேண்டும் என்று தீர்மானிக்க முடியும்.

இங்கே தங்கும் காலத்தின் சராசரி 20 நாள், இடைநிலை (வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பவரின் காலம்) 1 நாள். சராசரியை மட்டும் சொன்னால் ‘வழக்கமான கைதி’ மூன்று வாரம் இருப்பதாக வாரியம் நம்பிவிடும். அப்படி ஒரு கைதியே இந்தச் சிறையில் இல்லை.

கூட்டத்தைக் குறைக்கும் யோசனைகளையும் இந்தக் கணக்கை வைத்தே எடைபோட வேண்டும். நாள் வரத்தை, தங்கும் சராசரி நாளால் பெருக்கினால் உள்ளிருப்போர் எண்ணிக்கை. சிறு குற்றங்களுக்குச் சம்மன் கொடுத்து அனுப்பி, ஒரு நாள் தங்குபவர்களில் பாதிப் பேரை, அதாவது நாளுக்கு 10 பேரைத் தவிர்த்தால், காலியாவது 10 படுக்கை. நீண்ட நாள் இருப்பவர்களின் வழக்கைப் பத்து நாள் முன்னதாக முடித்தால், காலியாவது 50 படுக்கை. முதல் யோசனை வீண் என்று பொருளில்லை. அந்த 10 பேரும் வேலையை இழக்காமல் வீடு திரும்புவது பெரிய விஷயம். ஆனால் ‘சிறைக் கூட்டம் குறையும்’ என்று சொல்லி அதை விற்றால், ஆறு மாதத்தில் திட்டம் தோற்றதாகப் பெயராகிவிடும்.

எண்ணுவதற்கு முன் தரவைச் சுத்தம் செய்யுங்கள். கணுக்காலில் மின்னணுப் பட்டையோடு வீட்டில் இருப்பவர், மருத்துவமனைக்கு மாற்றப்பட்டவர், விடுதலைத் தேதி பதியாமல் விடுபட்டவர் ஆகியோர் கணினியில் ‘உள்ளே’ என்றே நிற்பார்கள். ஆயிரம் நாளுக்கு மேல் தங்கியதாகக் காட்டும் ஒவ்வொரு பதிவையும் தனியாக எடுத்துச் சிறை அதிகாரியிடம் கேளுங்கள். வேறு கவுன்டிக்காகவோ ஃபெடரல் அரசுக்காகவோ வைத்திருப்பவர்களையும் பிரித்துக் காட்டுங்கள். உள்ளூர் நீதிபதி எதைச் செய்தாலும் அந்தப் பிரிவு குறையாது.

வகுக்கும் எண்ணை மறைப்பது

100 பேர், ஆளுக்கு 4 வாய்தா, மொத்தம் 400. அவற்றில் 25 பேர் சேர்ந்து 30 வாய்தாவைத் தவறவிட்டார்கள். வாய்தா கணக்கில் 7.5 விழுக்காடு, ஆள் கணக்கில் 25 விழுக்காடு. ஒரு தரப்பு முதலாவதையும் எதிர்த்தரப்பு இரண்டாவதையும் தூக்கிக்கொண்டு வரும். இரண்டையும் ஒரே பக்கத்தில் போட்டுவிட்டால் சண்டை பாதியாகக் குறையும்.

‘மறுகுற்றம்’ என்ற சொல்லும் அப்படித்தான். 2012ல் 34 மாநிலங்களின் சிறைகளிலிருந்து விடுதலையானவர்களை ஃபெடரல் அரசின் நீதிப் புள்ளியியல் பணியகம் தொடர்ந்து கவனித்தபோது, ஐந்தாண்டுக்குள் மீண்டும் கைதானவர்கள் 71 விழுக்காடு. மீண்டும் சிறைக்குப் போனவர்கள், அந்தத் தரவு கிடைத்த 21 மாநிலங்களில், 46 விழுக்காடு. ஆய்வு அதே ஆய்வு, காலமும் அதே காலம். எது நிகழ்ந்தால் மறுகுற்றம், எந்தத் தேதியிலிருந்து, எத்தனை மாதம் என்ற மூன்றையும் சொல்லாத விழுக்காட்டை அறிக்கையில் ஏற்றாதீர்கள்.

முடித்தவர்களை மட்டும் பார்த்துத் திட்டத்தைப் புகழ்வது

சிறைக்குப் பதிலான ஒரு மாற்றுத் திட்டத்தில் 100 பேர் சேர்கிறார்கள். முடித்த 50 பேரில் 10 பேர் மறுபடி கைதாகிறார்கள். பாதியில் விலகிய 50 பேரில் 30 பேர். முடித்தவர்களில் 20 விழுக்காடு, விலகியவர்களில் 60 விழுக்காடு என்று பார்த்தால் திட்டம் அற்புதம். ஆனால் சேர்ந்தவர்கள் எல்லோரையும் எடுத்தால் 40 விழுக்காடு. திட்டத்தில் சேராத, அதே வகை வழக்கும் அதே முன்வரலாறும் உள்ளவர்களிடமும் 40 விழுக்காடுதான் என்றால் பலன் பூஜ்யம். வீடும் வேலையும் உள்ளவர்களே முடித்திருப்பார்கள். அந்த வேறுபாடு திட்டத்துக்கு முன்பே இருந்தது. சேர்ந்த நாளிலிருந்து, சேர்ந்த எல்லோரையும் கணக்கில் எடுங்கள்.

அடிக்கடி கைதாகும் சிலரை மட்டும் தேர்ந்தெடுத்து நடத்தும் திட்டங்களில் இன்னொரு பொறி இருக்கிறது. உச்சத்தில் இருந்த ஆண்டை வைத்து ஆளைத் தேர்ந்தால், எதுவுமே செய்யாவிட்டாலும் அடுத்த ஆண்டு எண்ணிக்கை இறங்கும். முன்னும் பின்னும் ஒப்பிடுவது இங்கே சான்றாகாது. அதே உச்சத்தில் இருந்தும் திட்டத்தில் இடம் கிடைக்காதவர்களோடு ஒப்பிட வேண்டும்.

சேமிப்பைச் சராசரிச் செலவால் பெருக்குவது

சிறை பட்ஜெட்டை ஆள்-நாளால் வகுத்தால் 150 டாலர் வருகிறது என்று கொள்வோம். 50 பேர் குறைந்தால் ஆண்டுக்கு 27,37,500 டாலர் மிச்சம் என்று எழுதத் தோன்றும். உண்மையில் உடனே குறைவது உணவு, மருந்து, துணி போன்றவை மட்டுமே. அது நாளுக்கு 20 டாலர் என்றால் மிச்சம் 3,65,000. பெரிய பணம் காவலர் சம்பளத்தில் இருக்கிறது. கைதிகள் தங்கும் ஒரு தொகுதியை முழுதாக மூடினால்தான் அது குறையும். 24 மணி நேரமும் ஆள் நிற்கும் ஒரு காவல் இடம் ஆண்டுக்கு 8,760 மணி நேரம். விடுப்பும் பயிற்சியும் போக ஒருவர் 1,750 மணி நேரம் வேலை செய்தால், அந்த ஓரிடத்துக்கு ஐந்து ஊழியர்கள் வேண்டும். எந்தத் தொகுதி, எத்தனை காவல் இடம் என்று சிறை நிர்வாகத்தோடு உட்கார்ந்து கணக்கிடாத சேமிப்பு எண்ணை நிதித் துறை ஒரே கூட்டத்தில் தள்ளிவிடும். அடுத்த முறை உங்கள் சரியான எண்ணையும் நம்பாது.

மானியமும் ரகசியமும்

ஃபெடரல் நீதி மானியங்களில் அடிக்கடி சிக்கலாவது, கவுன்டி ஏற்கெனவே கொடுத்துவந்த சம்பளத்தை மானியத்துக்கு மாற்றுவது. பல மானியங்களில் இதற்குத் தடை உண்டு. தணிக்கையில் பணம் திரும்பக் கேட்கப்படும். புதிய பதவிதான் என்று காட்ட, முந்தைய ஆண்டின் பட்ஜெட் பக்கத்தைக் கோப்பில் வையுங்கள். தர முடியாத அளவீட்டை விண்ணப்பத்தில் வாக்களிக்கவும் வேண்டாம்: அந்தத் தரவு நீதிமன்றக் கணினியில் உண்மையிலேயே இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

போதைச் சிகிச்சைப் பதிவுகளுக்குச் சாதாரண மருத்துவப் பதிவுகளைவிடக் கடுமையான தனி ஃபெடரல் விதி உண்டு. ஒரே கவுன்டியின் இரண்டு துறைகள்தானே என்று மின்னஞ்சலில் பட்டியல் அனுப்பக் கூடாது. எழுத்து ஒப்பந்தமும், சட்டம் கேட்கும் இடத்தில் ஆளின் ஒப்புதலும் வேண்டும். வெளியிடும் அட்டவணையில் சிறிய எண்களை மறையுங்கள். 11க்குக் கீழ் என்பது மெடிகேர், மெடிக்கெய்ட் என்ற அரசு மருத்துவக் காப்பீடுகளின் நிர்வாகம் தன் தரவுக்கு வைத்திருக்கும் எல்லை. ஒரு கட்டத்தை மட்டும் மறைத்துவிட்டு மொத்தத்தை விட்டால் கழித்துக் கண்டுபிடித்துவிடுவார்கள்; இன்னொரு கட்டத்தையும் சேர்த்தே மறைக்க வேண்டும்.

2021ஐத் தாண்டிக் கோடு இழுப்பது

2021 ஜனவரி 1 முதல் எஃப்பிஐ நாடெங்கும் உள்ள காவல் துறைகளின் குற்றக் கணக்கைச் சேர்ப்பதில் பழைய தொகுப்பு முறையை விட்டுச் சம்பவ வாரியான முறைக்கு மாறியது. பழைய முறையில் ஒரு சம்பவத்தில் மிகக் கடுமையான குற்றம் ஒன்றுதான் எண்ணிக்கையில் சேரும். புதியதில் ஒரு சம்பவத்துக்குப் பத்துக் குற்றம் வரை பதியலாம். உங்கள் கவுன்டியின் ஒவ்வொரு காவல் துறையும் எந்த மாதம் மாறியது என்று கேட்டு, வரைபடத்தில் அங்கே கோட்டை முறியுங்கள்.

வரைவை நேராக வாரியத்துக்கு அனுப்புவது

பெரும்பாலான கவுன்டிகளில் ஷெரிஃபும் அரசு வழக்கறிஞரும் தனித்தனியே தேர்தலில் வென்றவர்கள். வாரியம் அவர்களுக்குப் பட்ஜெட் போடலாம், ஆணையிட முடியாது. தங்கள் தரவைப் பற்றிய எண்ணை அவர்கள் முதன்முதலில் பொதுக்கூட்டத்தில் பார்த்தால், அடுத்த தரவுக் கோரிக்கைக்குப் பதில் வராது. தரவு தந்த ஒவ்வொரு துறைக்கும் பத்து வேலை நாள் முன்பாக வரைவை அனுப்பி, எண்ணில் பிழை இருந்தால் எழுத்தில் சொல்லக் கேளுங்கள். பிழையைத் திருத்துங்கள், பிடிக்காத முடிவைத் திருத்தாதீர்கள். வழக்கறிஞர் வைக்க வசதியில்லாதவர்களுக்காக வாதாடும் பொதுப் பாதுகாவலர் அலுவலகத்துக்கும் அதே நாளில் அதே வரைவு போக வேண்டும். தரவு எடுத்த தேதியையும் எடுக்கப் பயன்படுத்திய கணினிக் கட்டளையையும் அறிக்கையோடு சேர்த்து வையுங்கள். விடுதலைத் தேதிகள் பின்னால் திருத்தப்படும்; மூன்று மாதம் கழித்து அதே கேள்விக்கு 500க்குப் பதில் 488 வந்தால், ஏன் என்று காட்ட அந்தக் கோப்பு மட்டுமே உங்களிடம் இருக்கும்.